வரிசையில் நின்ற பை

அலுவலகத்தில் தேநீர் வேளையில் நான் சொல்லும் கதைகளில் ஒன்றுக்கு நல்ல கிராக்கி உண்டு. போன நாடாளுமன்றத் தேர்தலில் சேரம்பாடிப் பக்கம் ஒரு எஸ்டேட் வாக்குச்சாவடிக்கு நான் தலைமை அலுவலராகப் போன கதை. மாலை ஆறு மணிக்கு வரிசையில் ஆளுக்குப் பதிலாக ஒரு துணிப்பை நின்றது. அந்தப் பைக்கும் ஒரு சீட்டுக் கொடுங்கள் என்று பெண்கள் கேட்டார்கள். நான் ஒரு பதில் சொன்னேன். அந்தப் பதிலோடு கதை முடிந்துவிடும். எல்லோரும் சிரிப்பார்கள். யாராவது ஒருவர் அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்வார்.

சமீபத்தில் வேலைக்குச் சேர்ந்த தட்டச்சர் பெண் மட்டும் சிரிக்கவில்லை. "அப்புறம் அந்தம்மா ஓட்டுப் போட்டாங்களா சார்?" என்று கேட்டாள்.

"டீ ஆறிப்போகுது, மொதல்ல குடிம்மா" என்றேன்.

அதோடு அந்தக் கதையைச் சொல்வதை நிறுத்திவிட்டேன். அவள் கேட்டது ரொம்பச் சாதாரணமான கேள்வி. அதுவரை யாரும் கேட்காமல் விட்டதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. கேட்கத் தோன்றாத இடமாகப் பார்த்துத்தான் நான் கதையை அறுத்து வைத்திருந்தேன். மீதியை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. ஒரு தடவை சொந்த வேலையாகச் சேரம்பாடி வழியே பஸ்ஸில் போனபோது அந்த எஸ்டேட்டுக்குத் திரும்பும் சாலை வந்தது. இறங்கலாமா என்று நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் பஸ் தாண்டிவிட்டது. தாண்டட்டும் என்றுதான் வேண்டுமென்றே மெதுவாக நினைத்தேன்.

நான் ஊட்டியில் ஒரு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். கோயம்புத்தூர்க்காரன். வேலைக்கென்று மலையேறி வந்து, இருபத்தைந்து வருஷமாகக் குளிரைத் திட்டிக்கொண்டே இங்கேயே இருப்பவன். என் மேசைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஏதாவது ஒரு காகிதம் குறைவாகத்தான் கொண்டுவருவார்கள். அவர்களைக் கோபப்படாமல் திரும்பிப் போக வைப்பதில் எனக்கு ஒரு சாமர்த்தியம் உண்டு. ஒரு கிண்டல், ஒரு கேலி. வந்தவரே சிரித்துவிட்டு, "சரிங்க சார், நாளைக்கு வர்றேன்" என்று போய்விடுவார். சத்தம் போடுகிற அதிகாரிகளைவிட நான் மேல் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். போனவர் எத்தனை பஸ் மாறி வந்தவர் என்று நான் கேட்டதில்லை.

தேர்தலுக்கு முந்தின நாள், இயந்திரங்களை வாங்கிக்கொண்டு கூடலூரிலிருந்து நாங்கள் நாலு பேர் கிளம்பி, பொழுது சாயும்முன் எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். இரண்டு அறை, முன்னால் ஒரு முற்றம், முற்றத்துக்குக் கம்பி கேட். பக்கத்தில், வேலைக்குப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் காப்பகம். அதைத் தாண்டினால் எந்தப் பக்கம் பார்த்தாலும் தேயிலைதான். அறையைத் திறந்துவிட்ட சூப்பர்வைசர், "இருட்டுனதுக்கப்பறம் ரோட்டுல நடக்காதீங்க சார், யானை வர்ற வழி" என்று சொல்லிவிட்டுப் போனார். யானைக்கும் பூத் சிலிப் கொடுத்தாச்சா என்று கேட்டேன். அவரும் சிரித்தார்.

மறுநாள் ஏழு மணிக்கு முதல் ஓட்டு விழ வேண்டும். அதற்கு முன் கட்சி ஏஜெண்டுகளின் முன்னால் மாதிரிக்குச் சில ஓட்டுகள் போட்டுக் காட்ட வேண்டும். சீட்டு அச்சாகி விழும் பெட்டியின் மேல் வெளிச்சம் நேராகப் படக் கூடாது என்று பயிற்சி வகுப்பில் மூன்று தடவை சொன்னார்கள். மூன்று தடவையும் நான் பக்கத்திலிருந்தவரோடு பேசிக்கொண்டிருந்தேன். ஜன்னலோரம் தோதாக இருக்கிறதென்று பெட்டியை அங்கேயே வைக்கச் சொன்னதும் நான்தான். வெயில் ஏறி ஜன்னலுக்குள் வந்ததும் பெட்டி கோளாறு என்று காட்டி நின்றுவிட்டது. இடம் மாற்றிப் பார்த்தோம், அணைத்துப் போட்டுப் பார்த்தோம், அசையவில்லை. வேறு பெட்டி ஜீப்பில் வர வேண்டும் என்று ஆகிவிட்டது.

வெளியே அதற்குள் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். முதலாவதாக நின்றவர் அந்த அம்மாள். ஆறரை மணிக்கே வந்துவிட்டார். அறுபதை ஒட்டிய வயது. ஸ்வெட்டருக்கு மேல் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகியிருந்தார். தோளில் நீலக் கட்டம் போட்ட துணிப்பை, அதற்குள் குடை. என்னைப் பார்த்ததும் பூத் சிலிப்பை விரித்துக் காட்டினார்.

"பேரு வந்துருச்சுங்க சார். ரெண்டு எலெக்சனா எனக்குப் பேரே இல்லாமப் போச்சு."

கேட்காமலே சொன்னார். முப்பது வருஷம் இதே எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். கணவருக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட, பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லாமல் வேலையை விட்டார். வேலையை விட்டால் எஸ்டேட் வீட்டையும் விட வேண்டும். அந்த வரிசை வீடுகளை அவர் லயம் என்றுதான் சொன்னார். லயத்தை விட்டு, மேட்டில் இருபது நிமிஷ நடையில் ஒரு அறையை வாடகைக்குப் பிடித்துக் குடி போனார். பழைய முகவரியில் பெயரை எடுத்துவிட்டார்கள், புதிய முகவரியில் சேர்க்கவில்லை. ஒவ்வொரு தடவையும் கணவரைப் பார்த்துக்கொள்ளும்படி பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, பஸ் பிடித்துப் பந்தலூருக்குப் போய் மனுக் கொடுத்திருக்கிறார்.

"ஆறாவது தடவ போனப்பதான் ஏறுச்சுங்க சார்."

எந்த மேசையிலிருந்து ஐந்து தடவை திரும்பியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. என்னைப் போல ஒருவன் அங்கேயும் உட்கார்ந்திருந்திருப்பான்.

"எங்கப்பாவுக்குச் சிலோன்ல ஓட்டே கெடையாதுங்க" என்றார். "நான் சின்னப் புள்ளயா இருக்கும்போது கப்பல்ல வந்தோம். இங்க வந்து மொதோ ஓட்டப் போட்டுட்டு, மை போயிரும்னு ரெண்டு நாளு அந்தக் கைய நனைக்கல. எங்கம்மாதான் பாத்திரமெல்லாம் கழுவுச்சு."

"அப்ப இன்னைக்கு மொத ஓட்டு உங்களுதுதானுங்க. கதவைத் திறந்ததும் நானே கூப்பிடறேன்" என்றேன். நல்ல மனதோடுதான் சொன்னேன்.

ஏழரை ஆகியும் ஜீப் வரவில்லை. வரிசையில் முணுமுணுப்புக் கிளம்பியது. எனக்குத் தெரிந்த வித்தையை எடுத்தேன். வாசலில் நின்று, "மெஷின் இன்னும் எந்திரிக்கலைங்க. அதுவும் உங்களை மாதிரி லீவுல இருக்குது. எல்லாரும் ஊட்டுக்குப் போய் டிபன் சாப்பிட்டுட்டு வாங்க" என்றேன். சிரித்துக்கொண்டே பாதிப் பேர் கலைந்து போனார்கள். வந்த நேரப்படி சீட்டுக் கொடுத்து அனுப்பியிருந்தால் அவரவர் இடம் அவரவருக்கு இருந்திருக்கும். அது எனக்குத் தோன்றவில்லை. கூட்டம் கலைந்தால் போதும் என்றிருந்தது.

அந்த அம்மாள் ஏழே முக்கால் வரை நின்றார். பிறகு, "அவரு எந்திரிக்கிற நேரமுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மற்ற நாளில் பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்துக்கொள்வாளாம். அன்று பக்கத்து வீடும் எதிர் வீடும் எல்லாம் என் வரிசையில்தான் நின்றன. கணவர் விழித்து ஆளைக் காணாவிட்டால் தானாகக் கட்டிலைவிட்டு இறங்கப் பார்ப்பார், ஒரு தடவை இறங்கி விழுந்து நெற்றியைக் கிழித்துக்கொண்டார் என்று போகிற போக்கில் சொன்னார். முதல் ஓட்டு எட்டே முக்காலுக்கு விழுந்தது. போட்டது யாரென்று நினைவில்லை.

பதினொரு மணிக்கு மேல் வரிசையைப் பார்க்க வெளியே வந்தேன். வரிசையில் ஆட்கள் பாதி, பைகள் பாதி. தரையில் பை, பையின் மேல் குடை. சில இடத்தில் பை இல்லாமல் ஒரு செருப்பு. பைக்குச் சொந்தக்காரர்கள் காப்பகத்தின் சுவர் நிழலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். முன்னால் ஒருவர் நகர்ந்ததும் பின்னால் நின்ற பெண் தன் முன்னாலிருந்த பையைக் காலால் ஒரு சாண் தள்ளிவிட்டுத் தானும் நகர்ந்தாள்.

"இது என்னங்க கூத்து?" என்று கேட்டேன்.

"கொழுந்து நிறுக்கற எடத்துல இப்பிடித்தான் சார்" என்றாள் அவள். "பறிச்ச பைய வரிசைல வெச்சுட்டு ஒக்காந்துக்குவோம். பை நின்னா ஆளு நின்ன மாதிரி. யாரும் தாண்ட மாட்டாங்க."

எனக்குப் பிடித்திருந்தது. வெயிலில் அறுபது வயதுக்காரர்களை நிறுத்தி வைப்பதற்குப் பை நிற்பது எவ்வளவோ மேல். "நல்லாத்தான் இருக்குதுங்க, நிக்கட்டும்" என்றேன். தலைமை அலுவலர் வாயால் சொன்னதால் அது அன்றைக்கு அந்தச் சாவடியின் விதியாகவே ஆகிவிட்டது. இன்னும் பத்துப் பேர் பையை வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்கள்.

நான் உள்ளே இருந்த நேரத்தில் அந்த அம்மாள் இரண்டாவது தடவையாக வந்து பார்த்திருக்கிறார். வரிசை கேட் வரைக்கும் இருந்ததாம். கணவருக்குக் கஞ்சி கொடுக்கும் நேரத்துக்குள் ஆகாது என்று திரும்பிவிட்டார். இதை அவர் பிறகு சொல்லித்தான் தெரியும்.

இரண்டரைக்கு மழை பிடித்தது. கோடை மழை, ஒரு மணி நேரம் கொட்டியது. வரிசை உடைந்து ஓடியது. வீட்டில் இருந்தவர்களும் மழை விட்டதும் ஒரே சமயத்தில் கிளம்பி வர, மூன்றரை மணிக்குக் காலையில் இருந்ததைவிட நீளமான வரிசை உண்டாகிவிட்டது. ஒரு ஆளுக்கு ஒன்றரை நிமிஷம் ஆனது. பலர் கைநாட்டு, ஒவ்வொருவருக்கும் பதிவேட்டைத் திருப்பிக் காட்டிப் பெருவிரலைப் பிடித்து வைக்க வேண்டியிருந்தது. அந்த அம்மாள் நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் வந்து கடைசியில் நின்றார். சேலை விளிம்பு நனைந்திருந்தது. ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நானும் அசைத்தேன். கூப்பிடறேன் என்று காலையில் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் இத்தனை பேரைத் தாண்டி ஒருவரைக் கூப்பிட்டால் வம்பு என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

ஐந்தேகாலுக்கு டீ குடிக்க வெளியே வந்தபோது அவராகவே பக்கத்தில் வந்தார்.

"சார், அவர ஒரு தடவ பெரட்டி விட்டுட்டு வந்துர்றேன். பை நிக்குதுங்க."

"எத்தனை பேர் இருக்காங்க முன்னால?"

"முப்பத்தெட்டுங்க, எண்ணிட்டேன்."

"போயிட்டு வாங்க. பை நிக்கட்டும்" என்றேன்.

நான் சொன்னேன். என் வாயால், தெளிவாக, டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னேன். அவர் கேட்டைத் தாண்டியதும் ஓட்டமும் நடையுமாகப் போனதையும் பார்த்தேன்.

ஆறு மணி ஆனால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அந்த நேரத்தில் வரிசையில் இருப்பவர்களுக்கு நம்பர் போட்டு, தலைமை அலுவலர் கையெழுத்திட்ட சீட்டைக் கொடுக்க வேண்டும். சீட்டு உள்ளவர்கள் எவ்வளவு நேரம் ஆனாலும் ஓட்டுப் போடலாம், இல்லாதவர்களுக்கு இல்லை. கடைசி ஆளிடமிருந்து தொடங்கி முன்னால் வர வேண்டும். முன்னாலிருந்து கொடுத்தால் பின்னால் ஆள் சேர்ந்துகொண்டே இருக்கும். ஐம்பது சீட்டில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைத்திருந்தேன்.

காவலர் கேட்டை மூடினார். நான் சீட்டுக் கட்டோடு வரிசையின் வாலுக்குப் போனதைப் பார்த்ததும் சுவரோரம் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் ஓடி வந்து அவரவர் பைக்குப் பக்கத்தில் நின்றார்கள். ஒன்று, இரண்டு என்று கொடுத்துக்கொண்டே வந்தேன். இருபத்திரண்டு கொடுத்ததும் ஆள் இல்லாத இடம் வந்தது. நீலக் கட்டம் போட்ட பை, அதன் மேல் குடை. அதற்கு முன்னால் இன்னும் எட்டுப் பேர்தான்.

"அக்கா இப்ப வந்துருவாங்க சார். சீட்ட பைக்குள்ள போட்டுருங்க" என்றாள் பின்னால் நின்றவள்.

அது யாருடைய பை என்று எனக்குத் தெரியும். அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். ஒரு ஏஜெண்ட், "நம்ம அக்காதான் சார், போட்டுருங்க" என்றார். எதிர்க்கட்சி ஏஜெண்டும் தலையாட்டினார். ஆட்சேபிக்க ஒருவரும் இல்லை. நிற்கிற ஆளுக்குத்தான் சீட்டு என்கிறது சட்டம், உண்மை. ஆனால் நான் சட்டத்தை நினைத்து நிற்கவில்லை. காலை ஐந்து மணிக்கு எழுந்தவன், மத்தியானச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை, இடுப்பு வலி. ஒரு ஆள் குறைந்தால் ஒன்றரை நிமிஷம் குறையும் என்றுகூட நினைக்கவில்லை. ஒன்றுமே நினைக்கவில்லை. நாக்கு நுனியில் ஒரு வார்த்தை வந்து உட்கார்ந்திருந்தது, அதைச் சொல்ல வேண்டும் என்ற ஆசைதான்.

"போட்டுரலாமுங்க. ஆனா பதினெட்டு வயசு ஆகியிருக்கோணுமே! பையோட ஆதார் கார்டைக் காட்டுங்க பார்க்கலாம்."

சிரித்தார்கள். காவலர் சிரித்தார், இரண்டு ஏஜெண்டுகளும் சிரித்தார்கள், கேட்ட பெண்ணே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்த பிறகு யாரும் மறுபடி கேட்கவில்லை. அப்படித்தான் ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். என் மேசையில் இருபத்தைந்து வருஷமாக அப்படித்தான் ஆகிறது. பையைக் குடையோடு எடுத்து வாசல் சுவரில் சாய்த்துவிட்டு அடுத்த சீட்டைக் கொடுத்தேன். மொத்தம் முப்பது.

அலுவலகத்தில் நான் சொல்லும் கதை இந்த இடத்தில் முடிந்துவிடும்.

அவர் வந்தது ஆறு பத்துக்கு. பை நின்றிருந்தால் அவருடைய முறை வந்திருக்கும் நேரம். காவலர் என்னைக் கூப்பிட்டார். கேட்டுக்கு அந்தப் பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"பைய வெச்சுட்டுத்தானுங்க சார் போனேன்."

"ஆறு மணிக்குச் சீட்டுக் கொடுத்தாச்சுங்க. அப்ப நீங்க இல்லியே."

"அவரு நனச்சுட்டாருங்க. மாத்திட்டு வர லேட்டாயிருச்சு." கணவரைப் பற்றி அதைச் சொன்னதற்காக அவர் முகம் சுருங்கியது. எனக்கும் ஒரு மாதிரியாகிவிட்டது. நீங்கள்தானே நிற்கட்டும் என்று சொன்னீர்கள் என்று அவர் கேட்பார் என எதிர்பார்த்தேன். கேட்டிருந்தால் நானும் சட்டம் பேசியிருப்பேன், சண்டையாகியிருக்கும், ஒருவேளை வெட்கப்பட்டு உள்ளே விட்டிருப்பேன். அவர் கேட்கவில்லை. கூடலூருக்குப் போன் போட்டு மேலதிகாரியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதையும் செய்யவில்லை. இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லவும் தைரியம் வரவில்லை.

"நில்லுங்க, பார்க்கறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்று சொல்லும்போதே தெரியும். போய்விடுவார் என்று நினைத்தேன். அலுவலகத்தில் போய்விடுவார்கள்.

அவர் போகவில்லை. ஜன்னலிலிருந்து கேட் தெரிந்தது. ஒவ்வொருவராகப் போட்டு முடித்து வெளியேறினார்கள். ஆறே முக்கால் இருக்கும், அவருடைய பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் டார்ச்சோடு கிளம்பினார்கள். "வா அக்கா, இருட்டிருச்சுன்னா தனியா வர முடியாது" என்று கூப்பிட்டது எனக்குக் கேட்டது.

"நீங்க போங்கடி. சார் பாக்கறேன்னு சொல்லிருக்காரு. எல்லாரும் முடிச்சதும் கூப்புடுவாரு."

அப்போதாவது எழுந்து போயிருக்கலாம். பத்தடி தூரம். உங்களுக்கு ஓட்டு இல்லை, தப்பு என்மேல், இவர்களோடு போய்விடுங்கள் என்று சொல்ல அரை நிமிஷம் போதும். நான் பதிவேட்டில் எண்ணிக்கையைச் சரிபார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

ஏழு மணிக்குள் கடைசி ஆள் போட்டு முடித்தார். முடிக்கும் பொத்தானை அழுத்தினேன். அதற்குப் பிறகு அந்த இயந்திரம் யாருடைய ஓட்டையும் வாங்காது. அரக்கு, முத்திரை, ஏஜெண்டுகளின் கையெழுத்து எல்லாம் ஆயிற்று. வெளியே போகாமல் வாக்குச்சாவடி டைரியை எடுத்து வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தேன். அதை எழுத அப்போது ஒரு அவசரமும் இல்லை. ஆறு மணிக்குச் சீட்டுக் கொடுக்கப்பட்டவர்கள்: முப்பது. வாக்காளர்களிடமிருந்து வந்த புகார்கள்: இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். இருட்டில் கேட்டுக்கு அந்தப் பக்கம் அதே இடத்தில் நின்றிருந்தார்.

பையையும் குடையையும் எடுத்துக்கொண்டு போனேன். காவலர் கேட்டைத் திறந்தார்.

"முடிஞ்சுருச்சுங்களா சார்?"

"முடிஞ்சுதுங்க. மெஷினை மூடியாச்சு."

அவர் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். குடையை உள்ளே வைத்தார். பூத் சிலிப் இன்னும் கையில்தான் இருந்தது. வியர்வையில் நைந்து போயிருந்தது. அதை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டார். அழவில்லை, கோபப்படவும் இல்லை. காவலரிடம் டார்ச் இருக்கிறதா என்று கேட்டார். வளைவு வரை நான் வருகிறேன் என்று காவலர் சொன்னார். கிளம்பியவர் நின்று என் பக்கம் திரும்பினார்.

"நீங்க காலைல இருந்து இங்கயேதான இருக்கீங்க சார். உங்க ஓட்ட எப்பப் போட்டீங்க?"

குத்திக் காட்டக் கேட்டாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நிஜமாகவே அந்தக் கவலையில்தான் கேட்டார்.

"போட்டாச்சுங்க. எங்களுக்கு முன்னாடியே போட வழி இருக்குது" என்றேன்.

"அப்பச் சரிங்க. எங்களுக்காக நின்னு உங்களுது போயிருச்சோன்னு நெனச்சேன்."

வழி இருக்கிறது என்பது பொய் இல்லை. தேர்தல் வேலைக்குப் போகிறவர்கள் பயிற்சி வகுப்பு நடக்கும் இடத்திலேயே தபால் ஓட்டைப் போட்டுவிடலாம். கடைசி வகுப்பு முடிந்து நான் அந்த அறைக்குப் போனபோது வாசலில் இருபது பேர் நின்றார்கள். அரை மணி நேரம் ஆகும் என்றார்கள். ஊட்டி பஸ் புறப்பட நின்றது, ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். நான் ஒருத்தன் போடாவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். நான் போய் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்துகொண்டேன்.

அந்த அம்மாள் காவலரின் டார்ச் வெளிச்சத்தில் மேட்டுச் சாலையில் ஏறிப் போனார். அன்று காலையிலிருந்து அவர் நின்றதையெல்லாம் கூட்டினால் நாலு மணி நேரத்துக்குக் குறையாது. பந்தலூருக்கு ஆறு தடவை போய் வந்தது அதில் சேராது. எங்கள் இரண்டு பேருடைய ஓட்டும் அந்தத் தேர்தலில் விழவில்லை. இரண்டையும் விழாமல் செய்தவன் நான்.